ஆடுகளத்தில் ஆன்மாக்களைத் தேடிய குரு
புனித ஜான் போஸ்கோவின் வாழ்க்கை

யூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு. நம் முன்னோர் சேர்த்துவைத்த விசுவாசத்தையும், கட்டி எழுப்பிய ஆலயத்தையும், நமக்கு வழிகாட்டிய குருக்களையும் நன்றியோடு நினைக்கும் இவ்வேளையில், நம் பிள்ளைகளை உருவாக்கும் பள்ளிகளைப் பற்றியும் சிறிது சிந்திப்பது பொருத்தமாகும். ஒரு பள்ளியை நல்ல பள்ளி என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பொதுத்தேர்வில் எத்தனை பேர் தேறினர், முதல் மதிப்பெண் எவ்வளவு என்பதைத்தான் ஊரார் முதலில் கேட்கின்றனர். அங்கே விளையாடும் பிள்ளைகள் எத்தனை பேர், ஆசிரியரைக் கண்டால் ஓடி ஒளியாமல் ஓடி வரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்பார் மிகச் சிலரே. அப்படிக் கேட்டவர்களுள் தலையானவர் புனித ஜான் போஸ்கோ. அன்போடு மக்கள் அவரைத் தொன் போஸ்கோ என்று அழைப்பர். அவரது வாழ்க்கையைப் பங்கு மக்களுக்கு, குறிப்பாகப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும், இங்கே சுருக்கமாகக் கூற விழைகிறோம்.

ஏழைத் தாயின் மகன்

வட இத்தாலியில் பியத்மோந்து நாட்டில், தூரின் நகருக்கு அண்மையிலுள்ள பெக்கி என்னும் குக்கிராமத்தில் 1815ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் ஜான் போஸ்கோ பிறந்தார். தந்தை பிரான்சிஸ் ஒரு குடியானவர். ஜானுக்கு இரண்டு வயது நிறையுமுன்னே நுரையீரல் நோயால் அவர் இறந்துபோனார். தாய் மார்கரீத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் உழைக்கத் தெரியும், செபிக்கத் தெரியும். வறட்சியும் பஞ்சமும் வாட்டிய அந்த ஆண்டுகளில், மூத்தாளின் மகன் அந்தோணியையும், தாம் பெற்ற ஜோசப்பையும் ஜானையும் அவர் ஒருவராகவே ஆளாக்கினார்.

ஒன்பது வயதில் ஜான் ஒரு கனவு கண்டார். வீட்டருகே ஒரு பெரிய வெளியில் சிறுவர் கூட்டமொன்று விளையாடிக்கொண்டிருந்தது. சிலர் சிரித்தனர், சிலர் கெட்ட வார்த்தை பேசிச் சண்டையிட்டனர். ஜான் பாய்ந்து சென்று கைமுட்டியால் அவர்களை அடக்க முயன்றார். அப்போது ஒளி வீசும் முகமுடைய ஒருவர் தோன்றி, அடியால் அன்று, சாந்தத்தாலும் அன்பாலுமே இவர்களை நண்பர்களாக்க வேண்டும் என்று அவருக்கு உணர்த்தினார். பிற்காலத்தில் அவர் செய்த அத்தனைக்கும் இந்தக் கனவே வித்து. அக்கனவு நிகழ்ந்த இடம் ஓர் ஆடுகளம் என்பதை நாம் மறக்கலாகாது.

கயிற்றின் மேல் நடந்த சிறுவன்

சந்தைக்கும் திருவிழாவுக்கும் வித்தைக்காரர்கள் வருவார்கள். ஜான் முன்வரிசையில் நின்று அவர்கள் கைகளையே கூர்ந்து கவனிப்பார். வீட்டுக்கு வந்து அதே வித்தைகளைப் பழகுவார், விழுவார், எழுவார், மீண்டும் பழகுவார். சில மாதங்களில் பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கவும், கைகளால் நடக்கவும், இரு மரங்களுக்கிடையே கட்டிய கயிற்றின் மேல் நடக்கவும் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பெக்கியின் புல்வெளியில் அவரது வேடிக்கை நடக்கும். பார்க்க வருகிறவர் காசு கொடுக்க வேண்டியதில்லை. முதலில் எல்லாரும் சேர்ந்து செபமாலை சொல்ல வேண்டும்; காலையில் ஆலயத்தில் கேட்ட பிரசங்கத்தை ஜான் திருப்பிச் சொல்வதைக் கேட்க வேண்டும். அதுவே கட்டணம்.

படிக்க வேண்டும் என்ற அவரது ஆவல் அந்தோணிக்குப் பிடிக்கவில்லை. மண்ணை உழ வேண்டியவனுக்குப் புத்தகம் எதற்கு என்பது அந்தோணியின் கட்சி. வீட்டில் சமாதானம் நிலவவேண்டி, மார்கரீத்தா அம்மாள் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு மகனை வேறொரு பண்ணைக்கு வேலைக்கு அனுப்பினார். மோல்யா குடும்பத்தாரின் பண்ணையில் ஏறக்குறைய இரண்டாண்டுகள் ஜான் மாடு மேய்த்தார். பின்னர் கலோசோ என்ற முதிய குருவானவர் அவருக்கு இலத்தீன் கற்பித்தார். 1830இல் அவரும் இறந்துவிட்டார்.

1831இல் கியேரி நகரில் பள்ளியில் சேர்ந்தபோது ஜானுக்குப் பதினாறு வயது. தம்மினும் சிறிய பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தார். செலவுக்காகத் தையற்கடையிலும் காப்பிக்கடையிலும் வேலை செய்தார். தச்சும் கொல்லும் ஓரளவு கற்றார். உடன்படித்த மாணவரைச் சேர்த்து 1832இல் மகிழ்ச்சிச் சங்கம் என்ற ஒன்றைத் தொடங்கினார். அதன் விதிகள் மிக எளியவை. கிறிஸ்தவனுக்குத் தகாததைச் செய்யக் கூடாது. படிப்பிலும் பக்தியிலும் கடமை தவறக் கூடாது. எப்போதும் மகிழ்ச்சியாயிருக்க வேண்டும்.

அந்நாளில் கியேரிக்கு ஒரு கழைக்கூத்தாடி வந்தான். ஞாயிறு வழிபாட்டு நேரத்திலேயே வித்தை காட்டி மாணவரைத் தன் பக்கம் இழுத்தான். ஜான் அவனைப் போட்டிக்கு அழைத்தார். ஓட்டம், வாய்க்காலைத் தாண்டுதல், மந்திரக்கோலைக் கையில் நிறுத்துதல், மரம் ஏறுதல் ஆகிய நான்கிலும் ஜானே வென்றார். பந்தயப் பணம் முழுவதையும் இழந்து அவன் கலங்கி நின்றபோது, ஜான் அதை அவனிடமே திருப்பித் தந்து, தம் தோழர்களுக்கு ஒருவேளை விருந்து வைத்தால் போதும் என்றார். தோற்றவனை அழவைத்துவிட்டு வீடு திரும்புவது ஜானுக்கு வெற்றியாகத் தோன்றவில்லை.

சீட்டியில் தொடங்கிய பள்ளி

1841ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் அவர் குருப்பட்டம் பெற்றார். தூரின் நகரில் கஃபாசோ என்ற புனித குருவானவரின் வழிகாட்டுதலில் சிறைச்சாலைகளுக்குச் சென்றார். அங்கே பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுவரையுள்ள சிறுவர்கள் புழுப்பூச்சி அரிக்க அடைபட்டுக் கிடப்பதைக் கண்டு நடுங்கிப்போனார். விடுதலையாகிப் போனவர்களே சில நாளில் திரும்பி வந்தார்கள். வெளியே அவர்களைக் கவனிக்க ஒருவரும் இல்லாததே காரணம் என்று கண்டார்.

தூரின் அப்போது வேகமாக வளர்ந்து வந்த நகரம். கட்டட வேலைக்கும் பட்டறைகளுக்கும் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் வந்து குவிந்தார்கள். வாரம் முழுவதும் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தெருவில் திரிந்தார்கள், சூதாடினார்கள், கைகலந்தார்கள். வேலை இருக்கிறது, கூலி இருக்கிறது, ஆனால் பிள்ளைப்பருவம் இல்லை. விசைத்தறிச் சத்தத்தில் கண்விழிக்கும் நம் சோமனூர் வட்டாரத்தாருக்கு இந்தக் காட்சியை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பள்ளிப் பையைக் கழற்றிவைத்துவிட்டுத் தறிக்குடோனில் நூல் சுற்றிய கைகள் நம் குடும்பங்களிலும் உண்டு.

அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள், அமல உற்பவ மாதா திருநாளன்று, தொன் போஸ்கோ திருப்பலிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். குளிருக்கு ஒதுங்கித் திருப்பொருள் அறைக்குள் வந்த ஒரு பையனைக் கோவில்பிள்ளை அடித்து விரட்டினான். அவன் தம் நண்பன் என்று சொல்லி அவனைத் திரும்ப அழைக்கச் செய்தார் தொன் போஸ்கோ. பெயர் பார்த்தலோமேயு கரெல்லி, வயது பதினாறு, கொத்துவேலை, தாய் தந்தை இல்லை, எழுதப் படிக்கத் தெரியாது. கேட்ட கேள்விக்கெல்லாம் இல்லை என்றே பதில் சொன்னான். கடைசியாக, உனக்குச் சீட்டியடிக்கத் தெரியுமா என்று கேட்டார். பையன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் தொடங்கியது தொன் போஸ்கோவின் பள்ளி. அன்றே அவனுக்குச் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுத்தார். அடுத்த ஞாயிறு அவன் தோழர்களோடு வந்தான்.

இடமில்லாமல் அலைந்த கூட்டம்

ஞாயிறுதோறும் பிள்ளைகள் கூடும் இந்த அமைப்புக்கு ஆரட்டரி என்று பெயர். திருப்பலி, மறைக்கல்வி, எழுத்துப் படிப்பு, அவற்றோடு நாள் முழுவதும் விளையாட்டு. கூட்டம் நூற்றுக்கணக்கில் பெருகியது. ஆனால் இடம் கொடுப்பார் இல்லை. மாவு ஆலைகளின் அருகே கூடினார்கள். இரைச்சல் என்று விரட்டப்பட்டார்கள். பழைய கல்லறைக் கோவிலுக்குப் போனார்கள். ஒரே ஞாயிறோடு அதுவும் முடிந்தது. ஒரு புல்வெளியை வாடகைக்குப் பிடித்தார்கள். பிள்ளைகள் மிதித்த மிதியில் புல்லின் வேர்கூடச் சாகிறது என்று உரிமையாளர் காலிசெய்யச் சொன்னார். இத்தனை இளைஞரைச் சேர்த்துக்கொண்டு இவர் கலகம் செய்வாரோ என்று நகர அதிகாரிகள் சந்தேகித்துக் காவலரை அனுப்பினார்கள். உடன் குருக்களே இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எண்ணினார்கள். அவரை மனநோய் இல்லத்துக்கு அழைத்துப்போக இருவர் வண்டியோடு வந்தனர். தொன் போஸ்கோ மரியாதையாக அவர்களை முதலில் ஏறச் சொல்லிக் கதவைச் சாத்தி வண்டிக்காரனை விரட்டச் சொன்னார் என்ற கதை இன்றும் சலேசிய இல்லங்களில் சிரிப்போடு சொல்லப்படுகிறது.

சிரிப்புக்கு அடியில் கண்ணீரும் இருந்தது. 1846ஆம் ஆண்டு குருத்து ஞாயிறன்று, அடுத்த வாரம் பிள்ளைகளை எங்கே கூட்டுவது என்று தெரியாமல், அவர்கள் ஓடி விளையாடுவதைப் பார்த்தபடி அவர் அழுதார். அன்று மாலையே வால்தோக்கோ என்னுமிடத்தில் பினார்தி என்பவரின் கொட்டகை ஒன்று கிடைத்தது. தாழ்ந்த கூரை; தரையைத் தோண்டித்தான் நிமிர்ந்து நிற்க முடிந்தது. ஆனால் ஓடியாட அதனைச் சுற்றி நிலம் இருந்தது. ஏப்ரல் 12, உயிர்ப்புத் திருநாளன்று பிள்ளைகள் அங்கே குடிபுகுந்தனர்.

ஓயாத உழைப்பால் அவ்வாண்டு ஜூலையில் தொன் போஸ்கோ சாகுந் தறுவாயில் படுத்தார். கொத்துவேலைச் சிறுவர்கள் முறைவைத்து மாதா கோவிலில் முழந்தாளிட்டார்கள். சிலர் வெயிலில் வேலை செய்துகொண்டே உபவாசமிருந்தார்கள். அவர் பிழைத்தெழுந்தார். எஞ்சிய வாழ்நாள் அவர்களுக்கே சொந்தம் என்று அப்பொழுதே தீர்மானித்தார்.

தாயின் தோட்டம்

நவம்பர் 3ஆம் நாள் அவர் தம் தாயோடு வால்தோக்கோவுக்கு நடந்தே வந்து சேர்ந்தார். ஐம்பத்தெட்டு வயதில் மார்கரீத்தா அம்மாள் வீடு, நிலம், பேரப்பிள்ளைகள் அனைத்தையும் விட்டு வந்தார். தம் திருமணச் சேலையைக்கூட வெட்டிப் பீடத்துக்கு உடையாக்கினார். அநாதைப் பிள்ளைகளுக்குச் சமைத்தார், கிழிசல் தைத்தார், ஓரத்தில் ஒரு காய்கறித் தோட்டம் போட்டார்.

படையில் பணியாற்றிய புரோசியோ என்ற இளைஞர் பிள்ளைகளுக்குப் போர் விளையாட்டு கற்றுக்கொடுத்தார். ஒருநாள் விளையாட்டு உச்சத்துக்குப் போய், இரு படைகளும் தோட்டத்துக்குள் புகுந்து கீரைப் பாத்திகளைத் துவம்சம் செய்துவிட்டன. இன்னொரு சமயம் மனம் உடைந்த அம்மாள், காய்ந்த துணி மண்ணில் கிடப்பதையும், தட்டுமுட்டுச் சாமான் காணாமற்போவதையும் சொல்லி ஊருக்கே திரும்புகிறேன் என்றார். மகன் ஒன்றும் பேசாமல் சுவரில் தொங்கிய பாடுபட்ட சுருபத்தைக் கையால் காட்டினார். தாய் கண்களைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினார். 1856 நவம்பரில் இறக்கும்வரை அவர் அங்கேயே இருந்தார். பிள்ளைகள் விளையாட வேண்டுமானால் யாரோ ஒருவருடைய தோட்டம் மிதிபடத்தான் செய்யும். அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ள ஓர் இதயம் வேண்டும்.

பட்டறையும் பந்தும்

தொன் போஸ்கோ விளையாட்டோடு நின்றுவிடவில்லை. 1853 முதல் செருப்புத் தைத்தல், தையல், நூற்கட்டு, தச்சு, அச்சு, இரும்பு வேலை என ஒவ்வொன்றாகப் பட்டறைகள் திறந்தார். வெளியே தொழில் பழகப் போன சிறுவருக்காக முதலாளிகளோடு எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்தார். பையனைச் சொல்லால் திருத்தலாம், அடிக்கக் கூடாது. தொழிலுக்குத் தொடர்பில்லாத எடுபிடி வேலை தரக் கூடாது. ஞாயிறும் திருநாளும் அவனுக்கு உரியவை. ஆண்டுக்கு இரு வாரம் விடுமுறை தர வேண்டும் என்று அவற்றில் எழுதுவித்தார். விளையாடும் நேரத்தையும் ஓய்வையும் பிள்ளையின் உரிமையாகக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிய குருவானவர் அவர். சிறுவருக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை கூறியது 1989இல்தான்.

நன்றாக நடந்துகொண்ட பிள்ளைகளுக்கு அவர் தந்த பரிசும் புதுமையானது. இலையுதிர் காலத்தில் வாத்தியக் குழுவோடு அவர்களைத் தம் பிறந்த ஊருக்கும் சுற்று வட்டாரங்களுக்கும் கால்நடையாக அழைத்துச் செல்வார். 1855இல் நகரின் சிறுவர் சிறையில் தியானம் கொடுத்தபின், ஏறத்தாழ முந்நூறு சிறுவரைக் காவலர் ஒருவருமின்றி ஸ்துப்பினீஜி என்னும் இடத்துக்கு ஒருநாள் உலாவுக்கு அழைத்துப் போனார். மாலையில் அத்தனை பேரும் சிறைக்குத் திரும்பினார்கள், ஒருவன்கூட ஓடிப்போகவில்லை என்று சபையின் வரலாறு கூறுகிறது.

1854இல் அவரிடம் வந்த தோமினிக் சாவியோ புனிதனாக வேண்டும் என்ற ஆவலில் விளையாட்டை விட்டு ஒதுங்கி முகத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தான். தொன் போஸ்கோ அவனை மீண்டும் தோழரோடு விளையாடப் போகச் சொன்னார். மகிழ்ச்சியும் கடமையும் பிறர்க்கு நன்மை செய்தலுமே புனிதத்தின் பாதை என்று காட்டினார். 1857 மார்ச்சு 9ஆம் நாள், பதினைந்து வயது நிறையுமுன் சாவியோ இறந்தான். 1954இல் திருச்சபை அவனைப் புனிதனாக உயர்த்தியது.

1859 டிசம்பர் 18ஆம் நாள், தம்மிடம் வளர்ந்த இளைஞரையே முக்கிய உறுப்பினராக்கிச் சலேசிய சபையைத் தொடங்கினார். பெண்பிள்ளைகளும் இதே அன்பைப் பெற வேண்டுமென 1872இல் மரிய மசரெல்லோ அம்மையாரோடு சேர்ந்து சகோதரிகள் சபையை நிறுவினார். 1877இல் தம் கல்வி முறையைச் சிறு நூலாக எழுதினார். குற்றம் செய்தபின் தண்டிப்பதைவிட, குற்றத்துக்கு இடமில்லாதபடி கூடவே இருந்து காப்பது மேல். பகுத்தறிவு, மதம், பாசம் மூன்றுமே அதற்குத் தூண்கள். பிள்ளைகள் ஓடவும் குதிக்கவும் சத்தமிடவும் தாராளமாக விடவேண்டும் என்பதே அதன் சாரம்.

மௌனமான முற்றம்

அவர் வாழ்வில் மிக ஆழமாக நம்மைத் தொடும் நிகழ்ச்சி 1884இல் நடந்தது. அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. உலகம் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தது. வால்தோக்கோ பெரிய நிறுவனமாக வளர்ந்திருந்தது. உரோமையில் தங்கியிருந்த அவர் ஒரு கனவு கண்டார். முதலில் பழைய நாட்களின் முற்றம் தெரிந்தது. எங்கும் ஓட்டம், பாட்டு, சிரிப்பு, நடுவே குருக்கள். அடுத்து இன்றைய முற்றம் தெரிந்தது. சில பிள்ளைகள் சோர்ந்து தூணில் சாய்ந்து நின்றார்கள். சிலர் கூட்டத்தைவிட்டு ஒதுங்கி இரகசியம் பேசினார்கள். சிலர் விளையாடியும் முகத்தில் களையில்லை. ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு உலாவினார்கள். அல்லது தொலைவில் நின்று மேற்பார்த்தார்கள்.

மே 10ஆம் நாள் இதை அவர் கடிதமாக எழுதித் தம் இல்லத்துக்கு அனுப்பினார். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது. நேசிக்கப்படுகிறோம் என்று அவர்கள் உணர வேண்டும். அவர்கள் விரும்பும் விளையாட்டை நாம் விரும்பினால், நாம் விரும்பும் படிப்பையும் பக்தியையும் அவர்கள் விரும்புவார்கள். வகுப்பில் மட்டும் காணப்படுகிறவர் ஆசிரியர். ஆடுகளத்துக்கும் வருகிறவர் அண்ணனாகிறார். இதுவே அந்த நீண்ட கடிதத்தின் கருத்து. கட்டடம் பெருகியது, மாணவர் தொகை பெருகியது, ஒழுங்குமுறை பெருகியது. அன்பு வெளிப்படும் இடம் மட்டும் சுருங்கிவிட்டது என்று தாமே கட்டிய பள்ளியைப் பற்றி எழுத எவ்வளவு துணிவு வேண்டும்!

1888 சனவரி 31ஆம் நாள் விடியற்காலையில் தொன் போஸ்கோ இறைவனடி சேர்ந்தார். இளங்குருவாயிருந்தபோது 1883இல் வால்தோக்கோவில் அவரோடு தங்கிய ஒருவரே பின்னாளில் பதினோராம் பத்திநாதர் என்ற திருத்தந்தையாகி, 1934ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று அவருக்குப் புனிதர் பட்டமளித்தார்.

தமிழ் மண்ணில்

தொன் போஸ்கோவின் மக்கள் இந்தியாவில் முதன்முதல் காலடி வைத்தது நம் தமிழகத்தில்தான். மயிலை ஆயரின் அழைப்பின்பேரில் தொமாத்திஸ் அடிகளாரின் தலைமையில் 1906 சனவரியில் அவர்கள் தஞ்சைக்கு வந்து அநாதைச் சிறுவர் இல்லத்தை ஏற்றார்கள். 1922இல் சகோதரிகளும் வந்தார்கள். 1951இல் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியும், 1958இல் சென்னை எழும்பூர் தொன் போஸ்கோ பள்ளியும் தோன்றின. இன்று உலகில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சலேசியர் பணிபுரிகின்றனர். எங்கே போனாலும் ஆலயத்தையும் பட்டறையையும் போலவே ஆடுகளத்தையும் அவர்கள் உண்டாக்குகின்றனர்.

நாம் போற்ற வேண்டிய பள்ளி

பள்ளிதோறும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. திடல் மட்டும் போதுமா? பாடவேளைப் பட்டியலில் விளையாட்டு என்று எழுதியிருக்கும். கணக்கு முடியவில்லை என்று அந்த வேளையைக் கணக்கே எடுத்துக்கொள்ளும். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பந்து அலமாரிக்குள் போய்விடும். பெண்பிள்ளை என்றால் அதற்கு முன்பே வீட்டு வாசலோடு நின்றுவிடும். படிப்பில் பின்தங்கிய பையன் சடுகுடுவிலோ கைப்பந்திலோ முதல்வனாக நின்று தலைநிமிரும் ஒரே வாய்ப்பையும் நாம் பறித்துவிடுகிறோம். தோல்வி தாங்காமல் மனம் ஒடியும் பிள்ளைகளைப் பற்றி நாள்தோறும் செய்தித்தாளில் படித்து வருந்துகிறோம். தோற்றுவிட்டு, கைகுலுக்கிவிட்டு, மறுநாள் மீண்டும் களத்துக்கு வரும் பாடத்தை ஆடுகளத்தைவிட நன்றாகக் கற்பிக்கும் வகுப்பறை ஏது?

ஆகவே பங்கு மக்களே, மதிப்பெண்ணுக்குப் பாராட்டுவிழா எடுக்கும் நாம், மாலைவேளையில் பிள்ளைகளோடு திடலில் நிற்கும் ஆசிரியருக்கும் ஒரு மாலை போடுவோம். வெற்றிக் கோப்பைகளை எண்ணுவதோடு, விளையாட்டினால் பள்ளியை விட்டு நிற்காமல் தங்கிய பிள்ளைகளையும் எண்ணுவோம். ஆலய வளாகத்தில் பந்துச் சத்தம் கேட்டால் முகம் சுளிக்காமல், பினார்தியின் கொட்டகையை நினைத்துக்கொள்வோம். தறி ஓட்டிக் களைத்து வரும் தந்தை ஞாயிறு மாலை அரைமணி நேரம் தம் பிள்ளையோடு விளையாடினால், அதுவும் தொன் போஸ்கோவின் பள்ளியே.

இளைஞரின் தந்தையும் ஆசிரியருமாகிய புனித ஜான் போஸ்கோ நம் பங்கின் பிள்ளைகளுக்காக இறைவனிடம் மன்றாடுவாராக. நம் ஊர் முற்றங்கள் ஒருபோதும் மௌனமாகாதிருப்பதாக.